கீபோர்டில் சேமிக்கும் கோப்புக்குப் பெயரிடுவது எப்படி?

கேள்வி: எலெக்ட்ரானிக் கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்பவற்றை பென் டிரைவில் சேமித்து வருகிறேன். பெயர் கேட்கும் திரையில் எழுத்துகளைச் சரியாக உள்ளிட வராததால் கருவி தானாகத் தரும் பெயரையே விட்டுவிடுகிறேன். எந்தக் கோப்பில் எது இருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஒலிக்கவிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே பொத்தானில் உள்ள இரண்டு எழுத்துகளை அடுத்தடுத்து எழுதுவது எப்படி? கணினியில் பெயரை மாற்றிக்கொண்டால் ஏதேனும் சிக்கல் வருமா?

பதில்: சில கருவிகளில் டயலைச் சுழற்றி எழுத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வேறு சிலவற்றில் வாசிக்கும் கட்டைகளே எழுத்துகளைத் தரும். உங்களுடையது, திரையை ஒட்டிய பொத்தான் ஒவ்வொன்றிலும் மூன்று, நான்கு எழுத்துகள் அடங்கிய வகை என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. எம், என், ஓ ஆகிய மூன்றும் 6 என்ற எண்ணும் ஒரே பொத்தானில் இருப்பதாகக் கொள்வோம். 'மார்னிங்' என்று ஆங்கிலத்தில் எழுத, முதலில் எம், அடுத்து ஓ வர வேண்டும். எம்முக்கு ஒருமுறையும் ஓவுக்கு மும்முறையுமாக நிறுத்தாமல் நான்கு முறை அழுத்தினால், இரண்டு எழுத்துகளுக்குப் பதிலாக 6 மட்டுமே வந்து நிற்கும். எனவே எம் வந்ததும் சற்றுப் பொறுங்கள், அல்லது கர்சரை ஓரிடம் வலப்பக்கம் நகர்த்துங்கள். அந்த எழுத்து உறுதியான பிறகு ஓவுக்காக மூன்று முறை அழுத்துங்கள். வெவ்வேறு பொத்தான்களில் உள்ள எழுத்துகளுக்கு இந்தக் காத்திருப்பு தேவையில்லை.

பெயரைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். சிறிய திரையில் நீண்ட பெயரின் முற்பகுதி மட்டுமே தெரியக்கூடும் என்பதால், ஒரு பதிவை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் சொல்லை முதலில் வையுங்கள். பழைய கருவிகள் பலவற்றில் 8 எழுத்துகளுக்கு மேல் இடமே கிடையாது. எண் சேர்ப்பதானால் 01, 02 என்று இரண்டு இலக்கமாக எழுதுங்கள். இல்லாவிட்டால் பெயர் வரிசையில் 10 என்பது 2-க்கு முன்னால் போய் நின்றுவிடும். சாய்கோடு, முக்காற்புள்ளி, கேள்விக்குறி, நட்சத்திரக்குறி போன்றவை கோப்புப் பெயரில் இடம்பெறக் கூடாதவை. ஏற்கெனவே உள்ள பெயரையே மீண்டும் கொடுத்தால் பழைய பதிவின் மேல் எழுதலாமா என்று கருவி கேட்கும். அவசரத்தில் சம்மதித்துவிட்டால் பழைய பதிவு போய்விடும் என்பதால், அந்தக் கேள்வியை நிதானமாகப் படியுங்கள்.

கணினியில் பெயர் மாற்றுவது எளிது, தாராளமாகச் செய்யலாம். ஆனால் புள்ளிக்குப் பின்னால் வரும் 'மிட்' போன்ற மூன்றெழுத்துப் பின்னொட்டைத் தொடாதீர்கள். அதைக் கொண்டுதான் கருவி கோப்பின் வகையை அறிகிறது, அது மாறினால் கோப்பு பட்டியலிலேயே தெரியாமல் போகலாம். பெயரைத் தமிழில் வைக்க யாருக்கும் ஆசை இருக்கும். ஆனால் தமிழ் எழுத்துரு இல்லாத கருவியில் அது புரியாத குறிகளாகத்தான் தெரியும் என்பதால், ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துவது நல்லது.

பலரும் கவனிக்கத் தவறுவது, கருவியின் அமைப்புகளை மொத்தமாகச் சேமித்துத் தேவைப்படும்போது அழைக்க உதவும் ரெஜிஸ்ட்ரேஷன் மெமரியை. நீங்கள் தேர்ந்தெடுத்த குரல் (பியானோ, புல்லாங்குழல் போன்ற ஒலி), தாளம் முதலியவற்றோடு ஒரு பாடல் கோப்பையும் அதில் இணைத்திருந்தால், அந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்பதைத்தான் கருவி நினைவில் வைத்திருக்கும். பெயர் மாறியதும் அந்த இணைப்பு அறுந்துவிடும். அப்படிப்பட்ட கோப்புக்குப் பெயர் மாற்றினால், கீபோர்டில் அந்த ரெஜிஸ்ட்ரேஷனை அழைத்து, புதிய பெயரில் உள்ள கோப்பைத் தேர்ந்தெடுத்து, மறுபடியும் சேமித்துவிடுங்கள்.