பட்டியலும் குலுக்கலும்: ஆய்வில் பங்கேற்போரைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் தமிழர் வாழ்வைப் பற்றி ஆய்வு செய்ய முனைந்திருக்கும் மாணவர்களும், தமிழ்ப் பள்ளி நடத்துவோரும், மருத்துவத் துறையினரும் அனுப்பிய கேள்விகளுக்குக் கணக்கெடுப்புப் பணியில் நெடுங்காலம் இருந்த ஒருவர் அளித்த விடைகள் இவை.

கேள்வி (சாட்ஸ்வர்த், முதுகலை மாணவி): ஐயா, அறுபது வயதைக் கடந்த தமிழர்கள் வீட்டில் எந்த மொழி பேசுகிறார்கள் என்று அறிய விரும்புகிறேன். தைப்பூசத்தன்று கோயில் வாசலில் நின்று, விருப்பு வெறுப்பு ஏதுமின்றி, எதிர்ப்படுகிறவர்களில் இருநூறு பேரைக் கேட்டால் அது சமவாய்ப்பு மாதிரி ஆகாதா?

பதில்: ஆகாது. கேட்பவர் மனத்தில் பாரபட்சம் இல்லாதிருப்பது வேறு. தொகுதியில், அதாவது ஆய்வுக்குரிய மொத்த மக்களில், உள்ள ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு இவ்வளவு என்று முன்கூட்டியே சொல்ல முடிவது வேறு. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. காவடி பார்க்க வந்திருக்கும் முதியவர்கள் நடக்க இயன்றவர்கள், கோயிலோடு உறவு அறுபடாதவர்கள், பெரும்பாலும் தேவாரமோ திருப்புகழோ காதில் விழுந்து வளர்ந்தவர்கள். படுக்கையில் இருப்பவருக்கும், கிறித்தவத்தைத் தழுவிய தமிழருக்கும் அன்றைக்கு உங்கள் கண்ணில் படும் வாய்ப்பு ஏறத்தாழச் சுழியம். எனவே தமிழ் பேசுவோர் விகிதம் உண்மையில் இருப்பதைவிட உயர்ந்தே தெரியும்.

இருநூறை இரண்டாயிரமாக்கினாலும் இந்தக் கோளாறு தீராது. 1936ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு முன் லிட்டரரி டைஜஸ்ட் என்ற இதழ் ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அனுப்பி, இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட விடைகளைப் பெற்று, லாண்டன் என்ற வேட்பாளர் வெல்வார் என்று அறிவித்தது. 48 மாநிலங்களில் 46-இல் வென்றவர் ரூஸ்வெல்ட். தொலைபேசி, கார் வைத்திருந்தோரின் பட்டியல்களிலிருந்து பெயர்களை எடுத்ததும், சீட்டு கிடைத்தவர்களில் நான்கில் ஒருவர்போல மட்டுமே விடை அனுப்பியதும் சேர்ந்து அந்தக் கணிப்பைக் கவிழ்த்தன.

கேள்வி (பீனிக்ஸ், சமூகப் பணியாளர்): அப்படியானால் தமிழர் பட்டியலுக்கு எங்கே போவது? தொலைபேசிப் புத்தகத்தில் பிள்ளை, நாயுடு, மூட்லி, கோவெண்டர், படையாச்சி என்ற குடும்பப் பெயர்களைப் பொறுக்கி எடுக்கலாம் என்று எங்கள் குழுவில் சொல்கிறார்கள்.

பதில்: வந்த கேள்விகளில் இதைத்தான் நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் குலுக்கல் ஐந்து நிமிட வேலை, பட்டியலோ ஐந்து மாத வேலை. தமிழர் எல்லாரும் அடங்கிய பட்டியல் இந்த நாட்டில் எவரிடமும் கிடையாது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியர் அல்லது ஆசியர் என்று இனத்தை எண்ணுகிறதே தவிர, அவர்களுள் தமிழ்வழி வந்தவர் யார் என்று பிரித்துக் காட்டுவதில்லை. வீட்டுமொழி பற்றிய கேள்வியும் உதவாது. பெரும்பாலான தமிழ்க் குடும்பங்கள் இன்று அங்கே ஆங்கிலம் என்றே எழுதும்.

குடும்பப் பெயரை நம்புவதில் இரு பக்கமும் ஓட்டை இருக்கிறது. நாயுடு என்ற பெயரில் தெலுங்கு வழியினரும் உண்டு. ஆகவே தமிழர் அல்லாதோர் உள்ளே வந்துவிடுவார்கள். இன்னொரு பக்கம், 1860 முதல் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னையிலிருந்து கப்பலேறி வந்தவர்களில் ஏராளமானோர் ஒற்றைப் பெயரோடு வந்தார்கள். அந்தப் பெருமாளும் முனிசாமியும் சின்னசாமியும் இன்று பேரப்பிள்ளைகளின் குடும்பப் பெயர்களாக நிற்கின்றன. சாதிப் பட்டங்களை மட்டும் தேடுகிற பட்டியல் இவர்களை முற்றாக விட்டுவிடும், அதனால் சமூகப் படிநிலையில் ஒரு பக்கம் சாய்ந்த மாதிரியே உங்களுக்குக் கிடைக்கும். திருமணத்தால் பெயர் மாறிய பெண்களும், டேவிட், சாமுவேல் என்ற பெயரோடு வாழும் தமிழ்க் கிறித்தவரும் விடுபடுவார்கள். போதாக்குறைக்கு, வீட்டுத் தொலைபேசியே அருகிப்போன காலத்தில் அந்தப் புத்தகத்தில் மீந்திருப்பவர்கள் யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

நான் பரிந்துரைப்பது இடத்தை அடிப்படையாகக் கொண்ட தேர்வு. சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் போன்று இந்தியர் செறிந்து வாழும் பகுதிகளை ஓர் அடுக்காகவும், அவர்கள் சிதறி வாழும் மற்றப் பகுதிகளை இன்னோர் அடுக்காகவும் பிரித்து, முதல் அடுக்கில் ஐம்பது வீட்டுக்கு ஒன்று, இரண்டாவதில் இருநூறு வீட்டுக்கு ஒன்று என்று எடுத்து, வாசலிலேயே ‘இந்த வீட்டில் தம்மைத் தமிழர் என்று சொல்லிக்கொள்வோர் உண்டா’ என்று கேட்டு வடிகட்டலாம். வாய்ப்பு சமமாக இல்லாததால் கணக்கிடும்போது முதல் அடுக்கினருக்கு 50, இரண்டாம் அடுக்கினருக்கு 200 என்று எடை கொடுக்க வேண்டும், அதாவது ஒருவரை அத்தனை பேராக எண்ண வேண்டும்; இதை மறந்தால் பீனிக்ஸின் குரலே நாட்டின் குரலாக ஒலிக்கும். இதற்குச் செலவு ஆகும் என்பதை மறுக்கவில்லை. செலவு தாங்காதென்றால் ஆய்வின் எல்லையைச் சுருக்கி, ‘எங்கள் தமிழ் வகுப்புகளில் பயிலும் பிள்ளைகளின் பெற்றோர்’ என்று அறிவித்துவிடுங்கள். முழுப் பட்டியல் உள்ள சிறு தொகுதியைப் பற்றி உறுதியாகச் சொல்வது, பட்டியலே இல்லாத பெருந்தொகுதியைப் பற்றி ஊகிப்பதைவிட மேலானது என்பது என் கருத்து.

கேள்வி (தோங்காட், தமிழ்ப் பள்ளிச் செயலாளர்): எங்களிடம் பெற்றோர் பதிவேடு இருக்கிறது. நான்கு பெயருக்கு ஒரு பெயர் என்று எடுத்துக்கொண்டே போகலாமா?

பதில்: போகலாம், அது முறைசார் மாதிரி எனப்படும். முதல் நான்கு பெயர்களுக்குள் எதில் தொடங்குவது என்பதைக் குலுக்கலால் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அதற்கு முன் பதிவேட்டை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். தந்தை பெயர், தாய் பெயர் என்று மாறி மாறி எழுதப்பட்டிருந்தால், நான்கு நான்காகத் தாண்டுகிறவருக்குத் தந்தையர் மட்டுமோ தாயர் மட்டுமோதான் அகப்படுவார்கள். அத்தகைய ஒழுங்கு தென்பட்டால், கணினியில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஒரு சமவாய்ப்பு எண்ணை உருவாக்கி, அந்த எண்ணின் வரிசையில் அடுக்கி, மேலிருந்து வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்தால் பெற்றோர் பெயர் இருமுறை வரும், அதை முதலில் நீக்கிவிட வேண்டும்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற ஆசிரியர்): கணினி எதற்கு? நம் முன்னோர் பானையில் ஓலை போட்டுக் குலுக்கியே ஊராட்சிக்கு ஆள் எடுத்தார்கள் அல்லவா?

பதில்: எடுத்தார்கள், அதை மிகுந்த கவனத்தோடும் செய்தார்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையை விரிவாகச் சொல்கின்றன. ஊரை முப்பது குடும்புகளாக, அதாவது பகுதிகளாக, பிரித்து, ஒவ்வொரு குடும்புக்கும் தனித்தனியே பெயரோலைகளைக் கட்டி, பலர் பார்க்கக் குடத்திலிட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு குடும்புக்கு ஒரு பெயர் எடுத்தார்கள். இன்றைய வழக்கில் அதை அடுக்கு மாதிரி என்று தயக்கமின்றிச் சொல்லலாம். ஆனால் குடத்துக்குள் யாருடைய ஓலை போனது என்பதையும் அதே கல்வெட்டு சொல்கிறது: வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் வேதப் படிப்பும் உடைய, 35 முதல் 70 வயது வரையுள்ள ஆடவர். குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், பட்டியலுக்கு வெளியே நின்றவருக்கு வாய்ப்பு இல்லை.

சீட்டு முறையில் இன்னோர் ஆபத்து, சரியாகக் கலக்காமல் விடுவது. 1969 டிசம்பரில் அமெரிக்காவில் படைக்கு ஆளெடுக்க, ஆண்டின் 366 பிறந்த நாள்களையும் சிறு குப்பிகளில் அடைத்துக் குலுக்கினார்கள். மாத வரிசையில் போட்ட குப்பிகள் நன்கு கலக்காததால், ஆண்டின் கடைசி மாதங்களில் பிறந்தவர்கள் முற்படவே அழைக்கப்படும் எண்களை மிகுதியாகப் பெற்றார்கள். அடுத்த ஆண்டு முறையை மாற்ற வேண்டியதாயிற்று. ஐம்பது பெயர்கள் வரை பானை போதும். அதற்கு மேல் கணினியே நல்லது.

கேள்வி (வெருலம், மாணவர்): மொத்தத் தொகையில் பத்து விழுக்காடு எடுத்தால் போதும் என்கிறார்களே?

பதில்: அது காரணமற்ற வழக்கம். ஒரு விகிதத்தை 95 விழுக்காடு நம்பிக்கையோடு (நூறு முறை மாதிரி எடுத்தால் 95 முறை சரியாக அமையும்படி), ஐந்து புள்ளி முன்பின்னாக மதிப்பிட எளிய சமவாய்ப்பு முறையில் 385 பேர் வேண்டும். தொகுதி ஒரு லட்சமானாலும், தென்னாப்பிரிக்காவின் ஆறு கோடிச் சொச்சம் மக்களானாலும் அந்த எண் கிட்டத்தட்ட அசைவதில்லை. தொகுதி சிறியதானால் மட்டும் குறையும்: 1,200 பேர் உள்ள பதிவேட்டுக்கு 292 பேர் போதும், அதாவது ஏறக்குறைய நான்கில் ஒருவர். பத்து விழுக்காடு என்று 120 பேரை எடுத்திருந்தால் பிழை எல்லை ஐந்துக்குப் பதிலாக எட்டைத் தாண்டியிருக்கும்.

கேள்வி (சாட்ஸ்வர்த், பொதுச் சுகாதார ஊழியர்): நீரிழிவு பற்றி வீடுவீடாகக் கேட்கப் போகிறோம். இருபது தெருக்களைக் குலுக்கி எடுத்து, தெருவுக்கு இருபது வீடு என்று முடித்துவிடலாமா?

பதில்: அது கொத்து மாதிரி. அலைச்சல் குறையும், ஆனால் ஒரே தெருவில் வாழ்பவர்கள் வருமானத்திலும் பழக்கத்திலும் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால், இருபதாவது வீடு புதிதாகச் சொல்வது குறைவு. அந்த ஒற்றுமையின் அளவை (ஒற்றுமையே இல்லையென்றால் 0, முழுதும் ஒன்றுபோல் இருந்தால் 1) 0.05 என்று கொண்டால், கொத்துக்கு இருபது வீடு எடுக்கும்போது தேவையான எண்ணிக்கை 1.95 மடங்காகிறது, அதாவது 385 என்பது 751 ஆகிறது. கொத்துக்கு எட்டு வீடு என்றால் 1.35 மடங்கு, 520 போதும். ஆகவே தெருக்களைக் கூட்டி வீடுகளைக் குறையுங்கள்.

பெரிய தெருவுக்கும் சிறிய தெருவுக்கும் ஒரே வாய்ப்புக் கொடுக்கக் கூடாது. தென்னாப்பிரிக்கப் புள்ளியியல் துறை தன் காலாண்டுத் தொழிலாளர் ஆய்வில் செய்வதுபோல, பகுதிகளை அவற்றின் அளவுக்கு ஏற்ற வாய்ப்பில் எடுத்து, பிறகு அவற்றுக்குள் குடியிருப்புகளை முறைசார் வழியில் எடுத்தால், முடிவில் எல்லா வீட்டுக்கும் ஏறத்தாழ ஒரே வாய்ப்பு அமையும். எடுப்பதற்கு முன் தெருவில் நடந்து வீடுகளை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். சாட்ஸ்வர்த்தில் முன்வீட்டுக்குப் பின்னால் வாடகைக்கு விட்ட கட்டடத்தில் தனிக் குடும்பம் வாழ்வது சர்வசாதாரணம், அது வரைபடத்தில் இராது. வீட்டுக்குள் யாரைக் கேட்பது என்பதையும் கதவைத் திறந்தவரின் விருப்பத்துக்கு விடாமல், அடுத்து வரும் பிறந்தநாள் எந்த வயதுவந்தவருடையதோ அவரைக் கேளுங்கள். காலத்தையும் கணக்கில் வையுங்கள்: புரட்டாசி விரதத்தின்போது இறைச்சி உண்பதைப் பற்றிக் கேட்டால், மாதிரி எவ்வளவு செம்மையாக இருந்தாலும் விடை ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது.

கேள்வி (அதே குழு): கதவு திறக்காவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போகலாம்தானே?

பதில்: கூடாது. பகலில் உடனே கதவு திறக்கும் வீடு ஓய்வூதியம் பெறுவோர் இருக்கும் வீடு. பூட்டிய வீட்டில் கணவனும் மனைவியும் வேலைக்குப் போயிருக்கிறார்கள். பூட்டிய வீட்டுக்குப் பதில் திறந்த வீட்டை எடுத்தால், எண்ணிக்கை நிறையும். ஆனால் உழைக்கும் வயதினர் ஓசையின்றிக் கழிந்துபோவார்கள். மாலையிலும் சனிக்கிழமையிலும் மீண்டும் செல்லுங்கள், குறைந்தது மூன்று முறை. மறுப்பு வரும் என்று தெரிந்தால் தொடக்கத்திலேயே கூடுதலாகத் தேர்ந்தெடுங்கள், ஆனால் தேர்ந்த எவரையும் முயலாமல் விடாதீர்கள். எத்தனை பேர் மறுத்தார்கள், எத்தனை வீடு பூட்டியிருந்தது என்று தனித்தனியே அறிக்கையில் எழுதுங்கள்.

இது சிறு குழுக்களின் தொல்லை மட்டுமன்று. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 31 விழுக்காட்டினர் விடுபட்டார்கள் என்று, அதைச் சரிபார்க்கப் பின்னர் நடத்திய ஆய்வு காட்டியது. 2008இல் தொடங்கிய தேசிய வருமான இயக்க ஆய்வு, அதே குடும்பங்களை மீண்டும் மீண்டும் சந்தித்து வந்தபோது வெள்ளையரும் இந்தியரும் உயர் வருமானத்தாரும் குறைந்துகொண்டே போனதால், 2017இல் புதிய குடும்பங்களைச் சேர்த்தது. நம் வாயிற்கதவுகள் பொதுவாகவே இறுகியவை என்பதை மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள்.

கேள்வி (டர்பன், செவிலியர்): எங்கள் மருத்துவமனை ஆய்வில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்தோம். அதுவும் சமவாய்ப்பு மாதிரிதானே?

பதில்: இல்லை, அது சமவாய்ப்புப் பகிர்வு. இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்பதை அது நேர்மையாகக் காட்டும். அந்த நோயாளிகள் டர்பன் மக்களைப் போன்றவர்களா என்பதை அது காட்டாது.

கேள்வி (தோங்காட், மேற்கண்ட செயலாளர்): பதிவேட்டை ஆய்வாளரிடம் கொடுப்பது சட்டப்படி சரியா?

பதில்: 2021 ஜூலை முதல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது, இனம், சமயம், உடல்நலம் ஆகியவை அதில் தனிப் பாதுகாப்புக்குரியவை. பதிவேட்டை வெளியே தராமல், குலுக்கலைப் பள்ளி அலுவலகத்திலேயே நடத்தி, தேர்வானவர்களுக்குப் பள்ளியே கடிதம் அனுப்பி, சம்மதம் தந்தவர்களின் பெயரை மட்டும் ஆய்வாளரிடம் கொடுப்பதே நல்ல வழி.

கேள்வி (ஜொகானஸ்பர்க், ஆய்வு மாணவர்): அண்மையில் தமிழ்நாட்டிலிருந்து வந்து கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களை ஆராய்கிறேன். பட்டியலும் இல்லை, பலர் வெளியே தெரியவும் விரும்புவதில்லை. ஒருவர் மூலம் இன்னொருவரைப் பிடிக்கிறேன்.

பதில்: வெறும் சங்கிலித் தொடர்பானால் விகிதம் எதையும் மதிப்பிட முடியாது; அவர்களுடைய அனுபவங்களைப் பதிவு செய்ய மட்டும் பயன்படுத்துங்கள். விகிதம் வேண்டுமானால் சமூகவியலாளர் ஹெக்கதார்ன் 1997இல் முன்வைத்த, பங்கேற்பாளர்வழித் தேர்வு என்னும் முறையைப் படியுங்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்த சிலரைக்கொண்டு தொடங்கி, ஒவ்வொருவருக்கும் எண்ணிட்ட அழைப்புச் சீட்டுகள் சிலவற்றை மட்டும் கொடுத்து, இங்கே அவருக்குத் தெரிந்த அத்தகைய இளைஞர்கள் எத்தனை பேர் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். பலரைத் தெரிந்தவர் ஆய்வுக்குள் வரும் வாய்ப்பு கூடுதல் என்பதால், கணக்கில் அவருக்கு அதற்கேற்பக் குறைந்த எடை கொடுக்கப்படும். ஒருவருக்கு மூன்று சீட்டுக்கு மேல் தராதீர்கள். தந்தால் ஒரே அறையில் தங்கியிருக்கும் நண்பர்களே உங்கள் மாதிரி முழுவதையும் நிரப்பிவிடுவார்கள்.