முன்சக்கர இயக்கக் காரை ரியூன் பண்ணிய பிறகு எப்படிச் சோதிப்பது?

"கிரான் ரூரிஸ்மோ 7 கார் ஓட்ட வீடியோ கேமில் ஹொண்டாவின் ஈகே சிவிக் ரைப்-ஆர் காரை ரியூன் பண்ணினேன், நேரில் பறக்குது, வளைவில் வெளியே போகுது" என்று கேட்டிருக்கிறீங்கள்.

தம்பி, குதிரைவலுவை இப்போதைக்கு விடுங்கோ. இந்தக் காரில் இழுக்கிறதும் திருப்புறதும் அதே இரண்டு முன் ரயர்கள்தான். வளைவின் நடுவில் அக்சிலேற்றரை முழுக்க அமத்தினால் பிடிமானம் இழுவைக்கே போய்விடும். யாழ்ப்பாண வீதிகளில் ஓடும் ஆல்ரோவும் இதே அமைப்புத்தான். ஆனால் அது ஓடுற வேகத்தில் இந்தக் குறை தெரியாது.

சோதிக்க, கேமில் இருக்கிற ஜப்பானின் சுக்குபா ஓட்டப்பாதை அருமையான இடம். சுற்று ஏறத்தாழ 2 கிலோமீற்றர். கொண்டை ஊசி வளைவுகளும் உண்டு, கடைசியில் நீண்ட வேக வளைவும் உண்டு. ரயரை மாற்றாமல், ஒரு தடவைக்கு ஒரு செற்றிங் மட்டும் தொடுங்கோ. முதலில் பின் அன்ரி-ரோல் பாரை (வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பி) இறுக்குங்கோ, மூக்கு உள்ளே வரும். அந்தக் கடைசி வளைவில் அக்சிலேற்றரைத் திடீரென விட்டுப் பாருங்கோ: வால் வீசினால் ஒரு படி குறையுங்கோ. பிறகுதான் எல்.எஸ்.டி., அதாவது ஒரு சக்கரம் மட்டும் வீணாய்ச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியல். அதன் முடுக்க அளவை (அக்சிலேற்றரை அமத்தும்போது வேலை செய்யும் செற்றிங்) கூட்டினால் உள்சக்கரம் வீணாய்ச் சுற்றாது. மிஞ்சினால் கார் மறுபடி வெளியே தள்ளும்.

ஒரேயொரு வேகமான சுற்றை நம்பாதேங்கோ. அடுத்தடுத்த சுற்றுகளின் நேரமும் நெருக்கமாய் வரோணும்.