கௌபாய் படத்தில் மாடு எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்க இலக்கியத் தாளுக்காக ஒரு பருவம் முழுக்க வெஸ்டர்ன் படங்களும் எல்லைப்புறக் கதைகளுமாகவே கழித்த கல்லூரி மாணவி ஒருவர், பார்க்கையிலும் படிக்கையிலும் மனதில் பட்டதையெல்லாம் நோட்டில் குறித்து, அப்படியே அனுப்பியிருக்கிறார். கோபம், கொட்டாவி, சந்தேகம் எல்லாம் கலந்த கடிதம். நமது சினிமா, இலக்கியப் பகுதிகளைக் கவனிப்பவர்கள் சேர்ந்து பதில் சொல்கிறார்கள்.

கே: பேர்தான் கௌபாய். பத்துப் பன்னிரண்டு படம் பார்த்தும் ஒருவன்கூட மாட்டைத் தொட்டதாகத் தெரியவில்லை. மாடெல்லாம் எங்கே போயிற்று?

ப: மாட்டை வைத்துப் படமெடுப்பது செலவு. மாடு மேய்ப்பதை உட்கார்ந்து பார்ப்பது அலுப்பு. 'ரெட் ரிவர்' (1948) போல மந்தையையே கதையாக்கிய படங்கள் குறைவுதான். மற்றதில் மாட்டைக் கழித்துவிட்டுத் தொப்பியையும் துப்பாக்கியையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அசல் வேலை இது: உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தபோது டெக்சாஸில் நீளக்கொம்பு மாடுகள் கேட்பாரில்லாமல் பெருகிக் கிடந்தன. அங்கே நாலு டாலருக்குப் போன உருப்படி, வடக்கே முப்பது நாற்பது டாலருக்குப் போயிற்று. நடுவில் ரயில் இல்லை. அதனால் ரயில் இருக்கும் இடத்துக்கு மாட்டை நடத்திக்கொண்டு போனார்கள். 1867இல் கன்சாஸின் அபிலீனில் மாடு ஏற்றும் பட்டிகள் அமைந்த பிறகு, சிஷம் தடம் வழியாக மந்தை மந்தையாகப் புறப்பட்டன. சுமார் 2,500 மாட்டுக்குப் பத்துப் பன்னிரண்டு ஆள். நாளொன்றுக்கு 16 முதல் 24 கிலோமீட்டர். அதற்கு மேல் விரட்டினால் மாடு மெலிந்துவிடும், சந்தையில் விலை போகாது. ஆக, ஒரு நடைக்கு இரண்டு மூன்று மாதம்.

ஆட்கள் நிற்கும் இடத்துக்கும் ஒரு வரிசை உண்டு. அனுபவசாலிகள் இருவர் முனையில் போவார்கள், சிலர் விலாப்பக்கம். புதுசாக வந்த பையன்கள் மந்தையின் வாலில் வந்து நாள் முழுக்கப் புழுதி தின்பார்கள். கழுத்துக் கைக்குட்டை கொள்ளையடிக்க முகம் மூடும் துணி என்று படம் சொல்லித் தருகிறது. அது புழுதிக்கு வடிகட்டி. ராத்திரியில் முறை வைத்து மந்தையைச் சுற்றிவந்து, மெல்லப் பாடிக்கொண்டே காவல் காப்பார்கள். இடி இடித்தோ ஒரு பாத்திரம் உருண்டோ மந்தை மிரண்டால், பின்னால் துரத்திப் பயனில்லை. முன்னணி மாடுகளை எட்டிப்பிடித்து ஒரு பக்கமாகத் திருப்பி, மந்தை தன்னைத்தானே சுற்றும்படி வளைக்க வேண்டும். இத்தனைக்கும் மாதச் சம்பளம் முப்பது, நாற்பது டாலர். சமையல்காரருக்கு அதைவிடக் கூடுதல்.

இந்த ஆட்களில் கறுப்பினத்தவரும் மெக்சிகோக்காரர்களும் கணிசம். தொழிலே மெக்சிகோ 'வக்கேரோ'க்களிடம், அதாவது அந்நாட்டு மாடு மேய்ப்பவர்களிடம் கற்றதுதான். லாசோ, ரான்ச், ரோடியோ எல்லாம் ஸ்பானியச் சொற்களிலிருந்து வந்தவை. படத்தில் அவர்களைத் தேடிப் பாருங்கள், கொள்ளைக்காரனாகவோ சிரிப்புக்காகவோ வருவார்கள்.

1874இல் முள்கம்பிக்குக் காப்புரிமை கிடைத்தது, திறந்த புல்வெளி துண்டு துண்டானது. 1886–87 குளிர்காலத்தில் மாடுகள் கொத்துக்கொத்தாய்ச் செத்தன. மொத்தத்தில் இருபது வருஷத் தொழில். அதை வைத்து நூறு வருஷத்துக்கும் மேலாகப் படமெடுக்கிறார்கள்.

கே: ஆறு குண்டுத் துப்பாக்கியில் பதினோரு தடவை சுட்டதை எண்ணினேன். எனக்கு எண்ணத் தெரியவில்லையா, அவர்களுக்கா?

ப: உங்கள் கணக்கு சரி. ஆறுகூட அல்ல, ஐந்து என்று வைத்து எண்ணுங்கள். 1873இல் வந்த கோல்ட் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரில் சுத்தியலின் கூர்முனை நேரே குண்டின் மேல் உட்காரும். குதிரையிலிருந்து இறங்கும்போது எதிலாவது இடித்தால் சொந்தக் காலிலேயே பாயும். அதனால் அந்த ஓர் அறையைக் காலியாக விடுவது விவரம் தெரிந்தவர் வழக்கம். ஒன்று போடு, ஒன்று விடு, நாலு போடு, பிறகு சுத்தியலை முழுக்க இழுத்து மெதுவாக இறக்கு. காலி அறை சரியாகச் சுத்தியலுக்கு அடியில் வந்து நிற்கும்.

மறுபடி நிரப்புவது இன்னும் பாடு. சுத்தியலைப் பாதி இழுத்து நிறுத்த வேண்டும், அப்போதுதான் உருளை சுழலும். வலப்பக்கக் கதவைத் திறந்து, குழலுக்கடியில் உள்ள கம்பியைத் தள்ளி வெற்றுத் தோட்டாவை வெளியேற்றி, புதியதைச் செருகி, உருளையை ஒரு 'க்ளிக்' திருப்பி, அடுத்தது. எல்லாமே ஒவ்வொன்றாக. ஓடுகிற குதிரைமேல் உட்கார்ந்து இதைச் செய்து பார்க்கச் சொன்னால் பாதிக் குண்டு மண்ணில்தான் கிடக்கும்.

படம் மறைக்கும் இன்னொரு சங்கதி புகை. அன்றைய தோட்டாவில் இருந்தது கரிமருந்து. நாலு பேர் சலூனுக்குள் இரண்டிரண்டு தடவை சுட்டால் எதிரில் நிற்பவன் முகமே தெரியாது. முகம் தெரியாவிட்டால் நட்சத்திரத்துக்கு எதற்குச் சம்பளம்?

கே: நடுத்தெருவில் இருவர் எதிரெதிரே நின்று, யார் முந்தி உருவுகிறார்களோ அவர் ஜெயிப்பது நிஜமா?

ப: அபூர்வம். கிட்டத்தட்ட அப்படியே நடந்ததற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 1865 ஜூலை 21, மிசூரியின் ஸ்பிரிங்ஃபீல்டில் வைல்ட் பில் ஹிக்காக்கும் டேவிஸ் டட்டும் மோதியது. இடைவெளி சுமார் 75 கஜம். அந்தத் தூரத்தில் வேகத்தைவிடக் குறிதான் முக்கியம்.

அதைவிடப் பேர்போனது 1881 அக்டோபர் 26, அரிசோனாவின் டூம்ஸ்டோன். ஓ.கே. கொரால் சண்டை என்று பேர், ஆனால் நடந்தது அந்த லாயத்துக்குள் அல்ல, ஒரு போட்டோ ஸ்டுடியோவை ஒட்டிய குறுகலான காலி மனையில். சுமார் 30 வினாடி, ஏறக்குறைய 30 வேட்டு, மூன்று சாவு. சண்டை மூண்டதற்குக் காரணம்தான் வேடிக்கை: ஊருக்குள் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று நகரச் சட்டம் இருந்தது, அதை மீறியவர்களிடம் ஆயுதத்தைப் பறிக்கத்தான் ஊர்க்காவல் அதிகாரிகளான எர்ப் சகோதரர்கள் போனார்கள். படங்களில் ஊரே துப்பாக்கியோடு திரியும்!

கே: குதிரை நாள் முழுக்க நாலுகால் பாய்ச்சலில் ஓடுமா?

ப: ஓடாது. மூன்று நான்கு கிலோமீட்டரிலேயே இளைத்துவிடும். நீண்ட பயணம் என்றால் நடையும் பெருநடையும்தான், இடையிடையே ஆள் இறங்கிக் கூட நடக்கவும் வேண்டும். பழைய படங்களில் குதிரை தலைகுப்புற விழுந்தால், முன்காலில் கம்பி கட்டி இடறிவிட்டிருக்கலாம். காலும் கழுத்தும் முறிந்து செத்தவை பல. 'ஜெஸ்ஸி ஜேம்ஸ்' (1939) படப்பிடிப்பில் குதிரை செத்த பிறகுதான் ஹாலிவுட்டில் விலங்குக் கண்காணிப்பு வந்தது.

கே: ராத்திரிக் காட்சியில் நிழல் கறுப்பாக, கூராக விழுகிறதே?

ப: பகலில் எடுத்தது. ஒளியைக் குறைத்துப் பதிவாக்கி, நீல வடிகட்டி போட்டால் நிலவொளி. பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு வைத்த பேரே 'அமெரிக்க இரவு'.

கே: இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனியின் படத்தில் மூன்று பேர் ரயிலுக்குக் காத்திருப்பதையே பத்து நிமிஷம் காட்டுகிறார். நான் தூங்கிவிட்டேன். தப்பா?

ப: தூக்கம் தப்பில்லை, ஆனால் காதை மட்டும் விழித்திருக்க விடுங்கள். 'ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்' (1968) தொடக்கத்தில் இசையே கிடையாது. காற்றாலையின் கிறீச், தொப்பியில் சொட்டும் தண்ணீர், ஒரு ஈ. இதைத்தான் பின்னணி இசையாகக் கோத்திருக்கிறார்.

அந்த ராட்சத முக நெருக்கத்துக்கு ஒரு சிக்கனக் கணக்கும் உண்டு. லியோனி பயன்படுத்தியது டெக்னிஸ்கோப். வழக்கமாக ஒரு சட்டத்துக்கு, ஃபிலிம் ஓரத்துத் துளைக் கணக்கில், நான்கு துளை உயரம் ஃபிலிம் ஓடும், இதில் இரண்டே துளை. ஃபிலிம் செலவு பாதி. அகலத்திரைக்கு வேண்டிய, காட்சியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் அனமார்ஃபிக் லென்ஸ் தேவையில்லை, சாதாரண லென்ஸே போதும். அது முகத்துக்கு வெகு அருகே போய்க் குவியும், பின்னால் தூரத்தில் நிற்பவனும் தெளிவாகத் தெரிவான். கண்ணும் தொடுவானமும் ஒரே சட்டத்தில் வருவது அப்படித்தான். கெடுதல், சின்னச் சட்டத்தைப் பெரிதாக்குவதால் மணல் தூவியது போன்ற பொரிவு. பாலைவனக் கதைக்கு அதுவும் பொருந்திப்போயிற்று.

உதடும் வசனமும் ஒட்டாததை நீங்கள் குறித்திருந்தீர்கள். நடிகர்கள் அவரவர் மொழியில் பேச, குரலைப் பிறகு ஒட்டினார்கள். தமிழில் டப்பிங் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது ஒரு குறையா!

கே: எந்தப் படமானாலும் அதே செம்பாறைத் தூண்கள். 'தி சர்ச்சர்ஸ்' டெக்சாஸ் என்று எழுத்துப் போட்டுத் தொடங்குகிறது, அங்கேயும் அதே பாறை. அதைவிட, கமாஞ்சிப் பழங்குடிகளைக் காட்டிய விதத்தில் கோபம் வந்தது. வகுப்பில் 'மாபெரும் காவியம்' என்றார்கள்.

ப: அந்தப் பாறை மானுமென்ட் வேலி. யூட்டா – அரிசோனா எல்லையில் நவஹோ பழங்குடி மக்களின் மண். 'தி சர்ச்சர்ஸ்' இயக்கிய ஜான் ஃபோர்டு 'ஸ்டேஜ்கோச்' (1939) எடுக்கப் போனதிலிருந்து விடவில்லை. அங்கே வசிக்கும் நவஹோக்களையே ஒரு படத்தில் அப்பாச்சியாகவும் இன்னொன்றில் கமாஞ்சியாகவும் நிறுத்தினார். கமாஞ்சித் தலைவன் ஸ்கார் வேடத்தில் நடித்த ஹென்றி பிராண்டனோ ஜெர்மனியில் பிறந்தவர். உங்கள் கோபத்தை இந்தத் தகவல்களோடு சேர்த்து எழுதினால் அது வாதமாகிவிடும்.

இன்னும் கனமான ஒன்று இருக்கிறது. ஆலன் லெ மே 1954இல் எழுதிய மூல நாவலின் பின்னணியில் ஓர் உண்மைப் பெண்ணின் கதை உண்டு. சிந்தியா ஆன் பார்க்கர் 1836இல், ஏறக்குறைய ஒன்பது வயதில், டெக்சாஸ் கோட்டை ஒன்றிலிருந்து கமாஞ்சிகளால் கொண்டுபோகப்பட்டார். அவர்களுள் ஒருவராகவே வளர்ந்தார், பீட்டா நொகோனாவை மணந்து மூன்று பிள்ளை பெற்றார். 1860இல் டெக்சாஸ் ரேஞ்சர்கள் தாக்கி, கைக்குழந்தையோடு அவரை 'மீட்டார்கள்'. தப்பித் திரும்பிப் போகவே முயன்றார், விடவில்லை. மகளும் நோயில் செத்தாள். சில ஆண்டுகளில் அவரும் போய்ச் சேர்ந்தார். அவருடைய மகன் குவானா பார்க்கர்தான் பின்னாளில் கமாஞ்சிகளின் பெருந்தலைவர்.

படமும் கமாஞ்சிகள் கொண்டுபோன பெண்ணைத் தேடும் கதைதான். எங்கே முடிகிறது? மீட்ட பெண்ணை வீட்டு வாசலில் இறக்கிவிடுவதோடு. சிந்தியாவின் துயரம் அந்த வாசலுக்கு உள்ளேதான் தொடங்கியது. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள்: நாயகனின் வெறுப்பைப் படம் மெழுகவில்லை. செத்த கமாஞ்சியின் கண்களைச் சுடுகிறான் அவன், கடைசியில் கதவு அவனை வெளியே விட்டுத்தான் சாத்துகிறது. காவியமா என்பது உங்கள் தீர்ப்பு. எளிதில் தூக்கியெறியக்கூடிய படமில்லை.

மறுபக்கத்தை அவர்கள் எழுத்திலேயே படிக்க, பிளாக்ஃபீட் பழங்குடி மரபில் வந்த ஜேம்ஸ் வெல்ச்சின் 'ஃபூல்ஸ் க்ரோ' (1986) இருக்கிறது.

கே: என் தம்பி, "டெக்ஸ் வில்லர் படிச்சா போதும், இந்தப் படமெல்லாம் எதுக்கு?" என்கிறான்.

ப: சிவகாசி லயன் காமிக்ஸ் வழியாக நமக்கு வந்த டெக்ஸ், 1948இல் இத்தாலியில் பிறந்தவர். நவஹோ பெண்ணை மணந்து, அவர்களுக்கே தலைவராகிறவர். அந்த வருஷத்து ஹாலிவுட்டில் இப்படியொரு நாயகனைக் காண்பது அரிது. தம்பிக்கு எங்கள் வாக்கு உண்டு.

கே: ஸ்டீபன் க்ரேனின் 'தி ப்ளூ ஹோட்டல்' புரியவில்லை. எல்லோரும் சாதாரணமாக இருக்க, அந்த ஸ்வீடன்காரன் ஏன் அப்படிப் பயப்படுகிறான்? இதைச் செமினாருக்கு எடுக்கலாமா?

ப: கண்ணை மூடிக்கொண்டு எடுங்கள். 1898இல் வந்த கதை. மலிவு விலைச் சாகச நாவல்கள் சந்தைக்கு வந்து அப்போதே ஏறக்குறைய நாற்பது வருஷம். அந்தக் கதைகளைப் படித்த தலையோடு நெப்ராஸ்காவில் ரயிலிறங்குகிறான் ஸ்வீடன்காரன். இங்கே கொலை சகஜம், தன்னையும் கொல்வார்கள் என்று நம்புகிறான். ஊரில் இருப்பதோ சீட்டாட்டமும் அடுப்பும் பனிப்புயலும். அவனே முரண்டு பிடித்து, சண்டை வளர்த்து, கடைசியில் சலூனில் கத்திக்குத்து வாங்கிச் சாகிறான். அவனைப் போலவே நீங்களும் படங்களைப் பார்த்துவிட்டு இந்தக் கதைக்குள் வந்தீர்கள். 'என்னடா, ஒன்றும் நடக்கவில்லையே' என்று உங்களுக்குத் தோன்றிய பக்கத்தைக் குறித்துவையுங்கள். கட்டுரை அங்கிருந்து தொடங்கட்டும்.

எழுதும்போது மூன்று ஆண்டுகளைத் தனித்தனியே போடுங்கள்: கதை நடக்கும் ஆண்டு, நூல் வந்த ஆண்டு, படம் வந்த ஆண்டு. 'தி சர்ச்சர்ஸ்' என்றால் 1868, 1954, 1956. மாணவர் கட்டுரைகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், 1950களின் மனநிலையை 1868இன் தலையில் கட்டிவிடுவார்கள். 'ஹை நூன்' (1952) எழுதிய கார்ல் ஃபோர்மன், அந்தப் படம் உருவாகிக்கொண்டிருந்த நாளிலேயே அமெரிக்க நாடாளுமன்றத்தின் கம்யூனிஸ்ட் வேட்டைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டவர். ஆபத்தில் தன் மார்ஷலைக் கைவிடும் ஊரை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று யோசியுங்கள்.

படத்துக்கு ஒரே காட்சி போதும், ஐந்து நிமிஷத்துக்கு மிகாமல். நோட்டில் மூன்று கட்டம் போட்டு, நிமிஷம்–வினாடி, யார் என்ன வேலை செய்கிறார், கையில் என்ன கருவி என்று ஒவ்வொரு ஷாட்டுக்கும் நிரப்புங்கள். நடுக் கட்டம் காலியாகவே கிடந்தால் அதுவே உங்கள் முதல் கண்டுபிடிப்பு. லியோனி படமென்றால் எத்தனை நிமிஷப் பிரதி என்று அடிக்குறிப்பில் போட்டுவிடுங்கள். நாட்டுக்கு நாடு வெட்டியிருக்கிறார்கள், நேரக் கணக்கு உதைக்கும்.