படுக்கையில் புரண்டால் வீடு சுழல்கிறது: வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்

கேள்வி: எனக்கு வயது 48. பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறேன். சில வாரங்களாக, இரவில் வலப்பக்கம் புரண்டு படுத்தால் லயத்துக் கூரை அப்படியே சுழல்கிறது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும். முன்பு பஸ்ஸில் எவ்வளவு தூரம் போனாலும் ஒன்றும் செய்யாது. இப்போது ஹட்டன் போய்ச் சேருவதற்குள் குமட்டுகிறது. தோட்டத்து டிஸ்பென்சரியில் பிரஷர் சரியாக இருப்பதாகச் சொல்லி, தலைச்சுற்றுக்கு மாத்திரை தந்தார்கள். அது முடிந்ததும் பார்மசியில் வாங்கிப் போட்டு வருகிறேன். அக்கம்பக்கத்தார் பித்தம் என்கிறார்கள். காதில் வலியோ சீழோ இல்லை. இது காது நோயாக இருக்க முடியுமா?

பதில்: இருக்க முடியும். வலியும் சீழும் பெரும்பாலும் வெளிக்காதிலும் நடுக்காதிலும் ஏற்படும் கோளாறுகளின் அடையாளங்கள். அவற்றுக்கும் உள்ளே, எலும்புக்குள் புதைந்திருக்கும் உள்காது, கேட்பதற்கு மட்டுமன்றி, உடல் எந்தப் பக்கம் சாய்கிறது, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மூளைக்கு அறிவிப்பதற்கும் உரியது. அது பழுதுபட்டால் வலி இல்லாமலே தலை சுற்றும்.

உங்கள் கடிதத்தில் நான் முக்கியமாகக் கருதுவது மூன்று செய்திகளை: புரளும்போது தொடங்குகிறது, ஒரே பக்கத்தில் வருகிறது, ஒரு நிமிடத்துக்குள் அடங்குகிறது. உள்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. அவற்றின் அருகிலுள்ள சிறு பையொன்றில் கல்சியம் காபனேற்றினாலான நுண்ணிய பளிங்குத் துகள்கள் ஒட்டியிருக்கும். வயது ஏறும்போதோ தலையில் அடிபட்டாலோ, சில வேளைகளில் காரணமே தெரியாமலோ, இவற்றில் சில கழன்று கால்வாயொன்றுக்குள் விழுந்துவிடுகின்றன. தலையைத் திருப்பும்போது அவை உருண்டு திரவத்தை அசைக்க, தலை திரும்பி நின்ற பிறகும் இன்னும் சுழன்றுகொண்டே இருப்பதாக மூளைக்குப் பொய்ச்செய்தி போகிறது. ஐம்பதை நெருங்கியவர்களிடமும் அதைக் கடந்தவர்களிடமும், ஆண்களைவிடப் பெண்களிடம் கூடுதலாகவும், இதைக் காண்கிறோம். உயிராபத்து இல்லாத நோய்தான், ஆனால் செங்குத்தான மலையில் கூடையுடன் நிற்பவருக்கு அந்த ஒரு நிமிடமே போதும், கால் தவறி விழுவதற்கு.

பஸ்ஸில் வரும் குமட்டலுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம். வளைவுக்கு வளைவு பஸ் திரும்பும்போது கண் சொல்வதும் காது சொல்வதும் ஒத்துப்போகாவிட்டால் குமட்டும். காதே தவறான செய்தி அனுப்பிக்கொண்டிருப்பவருக்கு, முன்பு பழகிப்போன அதே பாதை இப்போது ஒத்துக்கொள்ளாமல் போவதில் வியப்பில்லை.

இதைக் கண்டறிய ஸ்கேன் பெரும்பாலும் தேவைப்படாது. வைத்தியர் உங்களைக் கட்டிலில் அமர்த்தி, தலையை ஒரு பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கண்விழி துடிக்கிறதா என்று பார்ப்பார். சிகிச்சையும் அதே கட்டிலில்தான். தலையையும் உடலையும் ஒரு குறித்த வரிசையில் படிப்படியாகத் திருப்பி, துகள்களைக் கால்வாயிலிருந்து வெளியேற்றும் இம்முறையை அமெரிக்க வைத்தியர் ஜோன் எப்ளி வகுத்தார்; மருந்தும் கத்தியும் இன்றி, பெரும்பாலானோருக்கு ஓரிரு தடவையிலேயே குணம் தருகிறது. கைபேசியில் வீடியோ பார்த்து நீங்களாகவே செய்ய வேண்டாம். எந்தக் காது, எந்தக் கால்வாய் என்பதைப் பொறுத்துத் திருப்பும் முறை மாறும். சில ஆண்டுகளில் இந்நோய் திரும்பி வரவும் கூடும், அப்போதும் இதே சிகிச்சைதான்.

மாத்திரையைப் பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சினரிசின், புரோகுளோர்பெராசின் போன்றவை குமட்டலை அடக்குமே தவிர, துகள்களை அகற்றாது. வாரக்கணக்கில் போட்டால் மூளை தானாகப் பழகிச் சரிசெய்துகொள்வதைத் தாமதப்படுத்தும். தூக்கக் கலக்கம் தரும். நெடுநாள் பாவிக்கும் வயதானவர்களுக்குக் கை நடுக்கமும் உடல் விறைப்பும் கூட வரலாம். உங்களுக்குத் தரப்பட்ட மாத்திரை எதுவென்று வைத்தியரிடம் காட்டுங்கள். இனிமேல் வைத்தியர் எழுதித் தரும் துண்டில்லாமல் பார்மசியில் வாங்க வேண்டாம்.

தலைச்சுற்றெல்லாம் இந்த ஒரே நோய் அல்ல. இருபது நிமிடங்கள் முதல் பல மணித்தியாலங்கள் வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து இரைந்து கேட்கும் திறன் மங்கினால் அது மெனியர் நோயாக இருக்கலாம். நாட்கணக்கில் ஓயாமல் சுற்றினால் சமநிலை நரம்பின் அழற்சியைச் சந்தேகிப்போம். ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கும் சுற்றும், பயணமும் ஒத்துக்கொள்ளாது. படுக்கும்போது ஒன்றுமின்றி, எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருண்டால் குருதிச்சோகையைத் தேட வேண்டும். காலையில் வெறும் பிளேன்டீயுடன் மலைக்குப் போகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பித்தம் என்ற ஒரே சொல்லில் இவ்வளவையும் அடக்கி இஞ்சிச் சாறு குடித்துக்கொண்டிருந்தால், தீரக்கூடிய நோயும் தீராமல் இழுபடும்.

தலைச்சுற்றுடன் வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், கைகால் சோர்தல், இரட்டைப் பார்வை, நிற்கவே முடியாமை, என்றுமில்லாத கடுந்தலைவலி ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தாலும் காது என்று காத்திராமல் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். திடீரென்று ஒரு காது கேளாமற் போனாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது, தோட்ட வைத்தியரிடம் கடிதம் வாங்கி, டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் காட்டி, காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்க ஏற்பாடு கேட்பது. கண்டிக்கு அனுப்பினால் ஹட்டனிலிருந்து ரயிலில் போவது உங்களுக்கு இதமாக இருக்கும். அதுவரை சரிவான மலையைத் தவிர்த்துச் சமதரையில் வேலை தரும்படி கங்காணியிடம் கேளுங்கள். இரவில் வெளியே போக எழுந்தால், கட்டில் விளிம்பில் சற்று நேரம் அமர்ந்து, டோர்ச்சும் துணையும் கொண்டு செல்லுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு வயது 9. தலவாக்கலையிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் வாந்தி எடுக்கிறான். மற்ற நேரத்தில் நன்றாக ஓடி விளையாடுகிறான். இவனுக்கும் காதில் நோயா?

பதில்: இல்லையென்றே நினைக்கிறேன். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள பிள்ளைகளுக்குப் பயணக் குமட்டல் மிகவும் சாதாரணம், வளர வளரக் குறையும். இரு உள்காதுகளும் செயலிழந்தவர்களுக்கு இந்தக் குமட்டல் வருவதே அரிது என்பதால், உங்கள் மகனின் காது நன்றாகவே வேலை செய்கிறது என்றுகூடச் சொல்லலாம். முன்பக்க ஆசனத்தில் அமர்த்தி, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கைபேசியும் புத்தகமும் வேண்டாம். வயிறு முட்டவும் வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம்; புறப்படுமுன் இரண்டு பிஸ்கட் போதும். பயணமில்லாத நாட்களிலும் வாந்தி எடுத்தாலோ, காலையில் தலைவலியுடன் எழுந்தாலோ, நடை தள்ளாடினாலோ தாமதிக்காமல் பிள்ளை வைத்தியரிடம் காட்டுங்கள்.