முதல் அல்பம், லயத்துக் காம்பராவில்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: இத்தனை நாள் குழுவாகப் பாடினோம். இப்போது தனியாக முதல் ராப் அல்பம் போடப் போகிறேன். ரெக்கோர்டிங் எங்கள் லயத்துக் காம்பராவில்தான், அதாவது தோட்டத்து வரிசை வீட்டு அறையில். மழை வந்தால் கூரைத் தகரம் இரைகிறது. மழையில்லாவிட்டால் குரல் கிணற்றுக்குள் பேசியது போல எதிரொலிக்கிறது. நல்ல கண்டென்சர் மைக் வாங்கினால் சரிவருமா?
– வாசகர், மஸ்கெலியா

பதில்: வராது, இன்னும் கெடும். கண்டென்சர் மைக் பக்கத்துக் காம்பரா டீவியையும் சேர்த்து இழுக்கும். ஈரம் ஏறினால் பொரியத் தொடங்கும். மேடைகளில் பார்க்கிற ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்கும், அதை லெப்டொப்போடு இணைக்க ஒரு சின்ன ஓடியோ இன்டர்ஃபேஸும் போதும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே நாலு விரல் தூரம் விடுங்கள். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு 'ப'வுக்கும் காற்று அடிக்கும்.

எதிரொலிக்கு எல்லோரும் மைக்குக்குப் பின்னால் கம்பளி கட்டுகிறார்கள். மைக்கின் முகம் இருப்பது உங்கள் பக்கம். உங்கள் முதுகுக்குப் பின்னாலுள்ள சுவரில் பட்டுத் திரும்புகிற சத்தம்தான் அதற்குள் போகிறது. ஆகவே இரண்டு கம்பளியை அந்தப் பக்கம், சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளிக் கொடியில் போடுங்கள். அறையின் நட்டநடுவில் நிற்க வேண்டாம்.

ரெக்கோர்டிங் மென்பொருளில் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்று வைத்துப் பதியுங்கள். உரத்துச் சொல்லும் வரியில் மீட்டர் மைனஸ் 10 டெசிபல் பக்கத்தில் நின்றால் போதும். பூச்சியத்தைத் தொட்டு உடைந்த குரலை ஒட்டவைக்க முடியாது. 'ம்ம்' என்று ஓர் இரைச்சல் அடியில் ஓடினால் லெப்டொப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

மழையைப் பிறகு மென்பொருளால் துடைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மழையிரைச்சலும் 'ச', 'ஸ', 'ஷ' ஒலிகளும் ஒரே மேல் பகுதியில் கிடக்கின்றன; ஒன்றைத் துடைத்தால் மற்றதும் போய், பல் விழுந்தவர் பேசினது போலாகும். உங்கள் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம். குரலை அப்போது முடித்துவிட்டு, மே மாதம் தென்மேற்கு மழை பிடித்த பிறகு மிக்ஸிங்கில் உட்காருங்கள்.

கேள்வி: காமன் கூத்துக்கு அடிக்கிற தப்பு மேளத்தை பீட்டில் சேர்த்தேன். தொடக்கத்தில் சரியாக இருக்கிறது, போகப் போக பேஸோடு ஒட்டவில்லை.
– வாசகர், தலவாக்கலை

பதில்: சூடு ஆறிவிட்டது. நெருப்பில் காய்ச்சிய தோல் நம் குளிரில் சீக்கிரம் தொய்ந்து சுருதி இறங்கும். முழுப் பாட்டையும் ஒரே மூச்சில் பதிந்தால் முதல் அடியும் கடைசி அடியும் வேறு வேறு தப்பாகக் கேட்கும். காய்ச்சின கையோடு அடிகுச்சியில் எட்டு அடி, சுண்டுகுச்சியில் எட்டு அடி, மெதுவிலிருந்து பலமாகத் தனித்தனியே பதியுங்கள். பிறகு திரும்பக் காய்ச்சி, நாலு நாலு பாராக (ஒரு பார் என்றால் நாலு தட்டு) அடிக்கச் சொல்லுங்கள். மைக் மூன்றடி தள்ளி இருக்கட்டும். கிட்ட வைத்தால் தோலின் அதிர்வு மட்டும் கிடைக்கும், குச்சியின் வெடிப்பு கிடைக்காது.

தப்படிப்பவர் காதில் வேகம் காட்டும் கிளிக் சத்தத்தைப் போட்டால் அநேகமாகக் கழற்றி வைத்துவிடுவார். அவர் செய்வதுதான் சரி. நல்லாய் விழுந்த நாலு பாரை எடுத்து நேரம் பாருங்கள். 16 தட்டு 10.7 செக்கனில் வந்தால் அது 90 பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு 90 தட்டு. பாட்டை அந்த வேகத்துக்கு மாற்றுங்கள், அவரை அல்ல. 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே தப்பை வெட்டிவிட்டால் பேஸுக்கு இடம் கிடைக்கும். அட்டையில் அவர் பெயரும் கையில் அவர் கூலியும் போக வேண்டும்.

கேள்வி: என் வரிகள் எல்லாம் இயைகின்றன, ஆனாலும் சப்பென்று இருக்கின்றன. ஏன்?
– வாசகி, பண்டாரவளை

பதில்: 'வந்தான், போனான், நின்றான்' என்று முடித்தால் இயைபை உண்டாக்குவது இலக்கணம், நீங்கள் அல்ல. வினையை நடுவுக்குத் தள்ளிப் பெயர்ச்சொல்லில் முடியுங்கள். 'அரைப்பேரு' (தோட்டத்தில் அரைநாள் சம்பளம்) என்று ஒரு வரி முடிந்தால் அடுத்தது 'தொரை யாரு' என்று முடியலாம்: இரண்டாம் எழுத்தில் 'ரை', கடைசியில் 'ரு', இரண்டும் பொருந்துகின்றன. வெளியூர்க்காரருக்கு அரைப்பேர் விளங்காதே என்று விளக்கவுரை எழுத வேண்டாம், கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

90 பிபிஎம்மில் 16 பார் கிட்டத்தட்ட 43 செக்கன். இரண்டு பாருக்கு ஒரு தடவை அரைத் தட்டாவது மூச்சுக்கு விடுங்கள்.

கேள்வி: 'இலவசம்' என்று போட்டிருந்த பீட்டில் பாடலாமா?
– வாசகர், பதுளை

பதில்: பணம் வராத வெளியீட்டுக்கு மட்டும் என்பதுதான் பெரும்பாலும் அந்த 'இலவசம்'. லீஸுக்கு, அதாவது பாவிக்க மட்டும் காசு கொடுத்து எடுத்த பீட் இன்னும் பலர் கையிலும் இருக்கும். அவர்களில் ஒருவர், ஒரே ஒலியைத் தானாகக் கண்டுபிடிக்கிற யூடியூப் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால் உரிமைக்கோரல் உங்கள் பாட்டின் மேல் வரும். அப்போது கைகொடுப்பது லைசன்ஸ் தாளும் ரசீதும்தான். பழைய சினிமாப் பாட்டை வெட்டி ஒட்டினால் பாட்டுக்கும் ஒலிப்பதிவுக்கும் என இரண்டு அனுமதி வேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி பாட்டின் உரிமை, ஆக்கியவர் காலமாகி 70 ஆண்டு வரை இருக்கிறது.

கேள்வி: முதல் அல்பத்துக்கு எத்தனை பாட்டு?
– வாசகர், இராகலை

பதில்: ஏழு பாட்டு இருந்தால் ஸ்பொட்டிஃபை அதை அல்பம் என்று எடுத்துக்கொள்ளும். 1994இல் வந்த அமெரிக்க ராப்பர் நாஸின் முதல் அல்பமே 10 தடங்கள்தான், 40 நிமிடத்துக்குள். இருபது பாட்டு போட்டு ஆளைக் களைக்க வைக்காதீர்கள். வெளியிடுமுன் முச்சக்கரவண்டி ஸ்பீக்கரில் போட்டுக் கேளுங்கள். வார்த்தை அமுங்கினால் குரலை ஏற்ற வேண்டாம், பீட்டில் 2 முதல் 4 கிலோஹேர்ட்ஸ் வரை இரண்டு டெசிபல் குறையுங்கள்.