தொட்டியும் மீனும்: வாசகர் கேள்விக்குப் பதில்

கேள்வி: எங்கள் வீட்டில் 60 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. பத்து மாதங்களாக இரண்டு கோமாளி மீன்களும் ஒரு டாம்செல் மீனும் வளர்க்கிறேன். நைட்ரேட் 80 பி.பி.எம். (லிட்டருக்கு 80 மில்லிகிராம்) காட்டுகிறது. ஞாயிறுதோறும் 12 லிட்டர் மாற்றுகிறேன், ஆர்.ஓ. கேன் தண்ணீரில்தான் உப்பு கலக்கிறேன். தினமும் ஆவியாகும் ஒரு லிட்டருக்கு மட்டும் வீட்டு போர்வெல் தண்ணீர் ஊற்றுகிறேன். 80 இறங்கவே இல்லை. நைட்ரேட் நீக்கும் மருந்து வாங்கலாமா? ராமேஸ்வரத்தில் இருந்து உயிர்ப்பாறை கொண்டுவந்து போடச் சொல்கிறான் நண்பன்.
– கல்லூரி மாணவர், தாம்பரம்

பதில்: தம்பி, ‘மட்டும்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு லிட்டர் போர்வெல் தண்ணீரில் இருந்து தொடங்குவோம்.

ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். அதில் கரைந்திருந்த எதுவும் தொட்டியை விட்டுப் போவதில்லை. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் நைட்ரேட்டே லிட்டருக்கு 45 மில்லிகிராம். உங்கள் போர்வெல் தண்ணீரில் 40 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நைட்ரேட்டைப் பொறுத்தவரை நீங்கள் குடிக்கலாம். ஆனால் 30 நாளில் 1,200 மில்லிகிராம் தொட்டிக்குள் சேர்ந்துவிடும். 60 லிட்டருக்கு அது 20 பி.பி.எம். இன்றே அந்தத் தண்ணீரையும் கேன் தண்ணீரையும் தனித்தனியாகச் சோதித்துவிடுங்கள். போர்வெல் நீரில் நைட்ரேட் இருந்தால், ஆவியாவதை ஈடுகட்டவும் உப்பு கலக்காத ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 12 லிட்டர் என்பது தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு. 80-இல் ஐந்தில் ஒன்று 16. ஒவ்வொரு ஞாயிறும் 16 வெளியே போயும் அடுத்த ஞாயிறு 80 காட்டுகிறது என்றால், வாரத்துக்கு 16 உள்ளே வருகிறது. நான் சொன்ன போர்வெல் கணக்கின்படி அதில் ஐந்துக்குக் கொஞ்சம் குறைவுதான் தேறும். மீதி தீனியில் இருந்தும் ஃபில்டரில் இருந்தும் வருகிறது.

ஃபில்டரின் ஸ்பாஞ்சைக் கழற்றி, தொட்டியில் இருந்து எடுத்த பழைய தண்ணீரில் பிழிந்து பாருங்கள். டிகாக்‌ஷன் போலக் கருப்பாக இறங்கும். மீன் எச்சமும் தின்னாமல் விட்ட தீனியும்தான் அது. அங்கேயே அழுகி அம்மோனியாவாகி, பிறகு நைட்ரைட்டாகி, கடைசியில் நைட்ரேட்டாக நிற்கிறது. ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை இப்படிப் பிழிந்துவிடுங்கள். செராமிக் வளையங்கள் இருந்தால் அவற்றில் பாதியை மட்டும் அதே பழைய தண்ணீரில் அலசுங்கள். மறு பாதிக்கு மூன்று வாரம் பொறுங்கள். தொடக்க காலத்தில் நான் எல்லாவற்றையும் ஒரே நாளில் குழாயடியில் பளிச்சென்று கழுவினேன். நல்ல பாக்டீரியா அத்தனையும் போய், அம்மோனியா ஏறி, நான்காம் நாள் ஒரு ஜோடி கோமாளி மீன்களைப் பறிகொடுத்தேன். இன்றும் அதை நினைத்தால் மனம் கனக்கிறது.

உறைய வைத்த ஆர்ட்டீமியா (இறால் வகைச் சிற்றுயிர்த் தீனி) போடுகிறவராக இருந்தால், அதைக் கட்டியாகப் போடாதீர்கள். டீ வடிகட்டியில் வைத்துக் கரைத்து, அந்தச் சாற்றைக் கொட்டிவிட்டு, தீனியை மட்டும் போடுங்கள். மூன்று சிறு மீன்களுக்கு ஒரு நிமிடத்தில் தின்று தீரும் அளவு போதும்.

80 என்ற எண்ணையும் ஒருமுறை சரிபாருங்கள். சொட்டு மருந்துச் சோதனை என்றால், நைட்ரேட் பாட்டிலின் அடியில் தூள் படிந்திருக்கும். மேசையில் தட்டி அரை நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். சொட்டு விட்ட பிறகு குழாயை முழுதாக ஒரு நிமிடம் குலுக்குங்கள். குலுக்காவிட்டால் அளவு குறைத்துக் காட்டும். அடர்ந்த சிவப்பில் 80-க்கும் 160-க்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஒரு பங்கு தொட்டி நீரோடு மூன்று பங்கு காய்ச்சி வடித்த நீர் கலந்து சோதித்து, வரும் எண்ணை நான்கால் பெருக்குங்கள்.

நைட்ரேட் நீக்கும் மருந்து வேண்டாம். நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவை வளர்க்கச் சர்க்கரை, வினிகர், வோட்கா ஊற்றுகிற முறையும் உங்கள் தொட்டிக்கு வேண்டாம். பாக்டீரியா திடீரென்று பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். 60 லிட்டரில் மீனுக்கு ஒதுங்க இடமில்லை.

பாறை விஷயத்தில் நண்பர் பேச்சைக் கேட்கவே கேட்காதீர்கள். உயிர்ப்பாறை என்பது பாக்டீரியாவும் சிற்றுயிர்களும் குடியிருக்கும் பவளப்பாறைத் துண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் முதல் அட்டவணையில் பவளப்பாறைகள் இருக்கின்றன. புலியைத் தொட்டால் என்ன குற்றமோ, அதே வரிசைக் குற்றம். மன்னார் வளைகுடாவில் ஒரு கை அகலப் பாறை வளரப் பல ஆண்டுகள் ஆகும். நுண்துளைகள் உள்ள செயற்கைப் பாறை கடையில் கிடைக்கிறது. சில மாதங்களில் அதில் பாக்டீரியா குடியேறிவிடும்.

ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். பத்து மாதம் இந்த நீருக்குப் பழகிய மீன்கள் அவை. அதே 12 லிட்டர், அதே ஞாயிறு. புது நீரின் உப்பளவும் வெப்பமும் தொட்டியோடு ஒத்திருக்கட்டும். உள்ளே வருவது முழுதாக அடைபட்டால் நான்கு வாரத்தில் 80 ஏறத்தாழ 33-க்கு இறங்கும். கோமாளி மீனுக்கு அது தாங்கக்கூடிய அளவுதான். 20-க்குக் கீழே கொண்டுவரக் குறைந்தது இன்னும் மூன்று ஞாயிறு ஆகும். போர்வெல் தண்ணீரின் எண் என்ன வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.