எல்லாம் இருந்தும் மனசு ஏன் வெறுமையாக இருக்கிறது?

திருப்பூரில் நல்ல சம்பளம், குறையில்லாத குடும்பம், ஆனாலும் நாள் வெறுமையாகப் போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மனசு சரியானதும் எதையாவது செய்யலாம் என்றுதான் எல்லோரும் காத்திருக்கிறோம். உளவியலாளர் பீட்டர் லெவின்சோன் 1970களில் இதைத் தலைகீழாகப் பார்த்தார். நிறைவு தரும் செயல்கள் குறையக் குறைய மனம் சோர்கிறது; சோர்ந்த மனம் இன்னும் ஒதுங்குகிறது. அதனால் முதலில் செயல், மனநிலை பின்னால் வரும்.

காங்கேயம் பக்கம் எங்கள் அப்பாரு (தாத்தா) எண்பது வயதிலும் விடிந்ததும் கட்டுத்தரைக்குப் போய்விடுவார். சாணி அள்ளி, தண்ணீர் காட்டி, மாட்டின் கழுத்தடியைச் சொறிந்துவிடுவார். அது கண்ணைச் செருகித் தலையைத் தூக்கிக்கொடுக்கும். "நான் போகலீன்னா அது தண்ணி குடிக்காது கண்ணு" என்பார். (பொய்தான். அம்மா வைத்தாலும் குடிக்கும்.)

உங்களுக்கு மாடு வேண்டாம். ஷிப்மென்ட் நெருக்கடியிலும் தள்ளிப்போடாத ஒரு சின்ன வேலை, யாரோ ஒருவர் எதிர்பார்க்கிற வேலை, கிழமையும் மணியும் குறித்துப் பிடித்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் சலிப்பாகத்தான் இருக்கும்.

அப்புறம், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் இது வேறு விஷயம். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416. கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.